சப்பாத்துச்சொண்டன்

வெள்ளவத்தை ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில்
சாம்பியா விரிந்து கிடக்கிறது.
ஒரு மூலைக்கு ஊறுகாய்ப் போத்தல்,
மறு மூலைக்கு அவருடைய பிரஷர் குளிசைப் பெட்டி.
காற்று கடலிலிருந்து வருகிறது;
போத்தலை எடுத்தால் லூசாக்கா எழும்பிப் பறக்கும்.

கென்யா என்றால் பக்கேஜ் இருக்கு அன்ரி,
ஏழு இரவு, பலூன் சவாரியோடு, என்கிறாள்
பம்பலப்பிட்டியில் டிக்கட் போடும் நிலூஃபா.
பங்வேலு என்று நான் எழுதிக் காட்ட
கீபோர்டில் அதை மூன்று விதமாய்ப் பிழைவிடுகிறாள்.
சதுப்பு நிலம், பிள்ளை. கோரைப் புல். வள்ளம்.
சிங்கம் வேண்டாமா?
வேண்டாம். ஒரு பறவை.
ஒரு பறவைக்கா என்று அவள் கேட்கவில்லை;
டொலர் விலையை மட்டும் இன்னொருமுறை சொன்னாள்.

மேல்மாடி அருமைநாயகம் லிஃப்டில் மறித்தார்:
மிருகம் பார்க்க ஆபிரிக்காவோ?
வவுனியாவில் என்ர மச்சானின் வாழைத் தோட்டத்துக்கு
யானை தானாகவே வரும், டிக்கட் இல்லாமல்.
சிரித்தோம். எங்கள் மாடி வந்தது.

அந்தப் பறவையின் சொண்டு
மரத்தில் குடைந்த சப்பாத்துப் போல.
மணிக்கணக்காய் நின்ற இடத்திலேயே நிற்குமாம்,
சேற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து
ஒரு மீன் மூச்செடுக்க மேலே வரும்வரை.
அதற்குத் தமிழில் பேர் கிடைக்கவில்லை.
சப்பாத்துச்சொண்டன், என்று இவரே வைத்தார்.
தோசை புரட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து
இரண்டுதரம் கூப்பிட்டுக் காட்டினார்.

மண்ணிறமோ மங்கிய பச்சையோ உடுத்துங்கள்
என்கிறது அறிவுறுத்தல் தாள்.
முப்பது வருஷம் அந்தப் பச்சையைக் கண்டால்
வீதி மாறி நடந்த மனுசன்
புறக்கோட்டைக் கடையில் சேட்டைத் தோளில் வைத்து
கண்ணாடியைப் பார்த்தார்.
நீலம் எடுத்தோம். பறவைக்கு என்ன தெரியும்.

ஆபிரிக்கா இவருக்கு முதல்தரமல்ல.
தொண்ணூற்றாறில் ஏஜென்சிக்காரன்
கனடா என்று ஏற்றி லோமேயில் இறக்கினான்.
ஓர் அறை, பதினாலு பேர், எட்டு மாதம்.
பாஸ்போர்ட் எல்லாம் அவனுடைய சூட்கேஸில்.
ஆபிரிக்காவில் என்ன கண்டீங்கள் என்று
கலியாணம் முடித்த புதிதில் கேட்டேன்.
ஒரு ஓணான், என்றார்.
செந்தலை. மதிலில் ஏறி நின்று தண்டால் எடுக்கும்.
பிறகு சோற்றைப் பிசைந்தார்.

இப்போது விசா விண்ணப்பம்.
பயணத்தின் நோக்கம்?
எங்கள் குடும்பத்தில் இந்தக் கட்டத்தை
உண்மை எழுதி நிரப்பியவர் எவருமில்லை.
படிப்பு, வைத்தியம், கோயில், ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணம்.
போனவர்கள் போனவர்கள்தான்,
திருப்பி அனுப்பப்பட்ட இவரைத் தவிர.
பறவை பார்க்க, என்று எழுதினார். வெட்டினார்.
நம்பமாட்டார்கள்.
உல்லாசப் பயணம் என்று எழுதிவிட்டு
அந்தச் சொல்லையே பார்த்தபடி இருந்தார்.
திரும்பும் திகதியை மட்டும்
காசோலையில் தொகை எழுதுவதுபோல்
எண்ணிலும் எழுத்திலும் எழுதினார்.

இரவு ஃபோனில் அதன் குரலைத் தேடிப் போட்டார்.
குரலில்லை. சொண்டைச் சொண்டோடு அடித்து
தன் சோடியைக் கூப்பிடுவது அப்படித்தானாம்.
டட டட டட டட.
இரண்டு பேரும் அசையவில்லை.
பக்கத்து ஃபிளாட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.
நல்லவேளை, மாத்தறை ரயில் வந்து
அதையும் ஏற்றிக்கொண்டு போனது.

நாளைக்குப் பொரளையில் மஞ்சட்காய்ச்சல் ஊசி.
பைனாகுலர் ஒன்றுதான் வாங்கக் கட்டும்.
முதலில் நீர் பாரும், என்கிறார்.
ஏன், நீங்கள்?
நான் காத்து நின்று பழகினவன்.
அதுவும் அப்படித்தான், என்கிறார்,
வரைபடத்தை மடித்தபடி; மடிப்பு ஒத்துவரவில்லை,
காங்கோ வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.